ஒற்றைப்படைப் பூக்கள்

விளாடிவொஸ்டோக் துறைமுகம்
1997 ஜனவரி 12

அன்புள்ள ரிம்மா அண்ணிக்கு,

ஒரு வாரம் ரயிலில் உட்கார்ந்து வந்த இடுப்பைத் தவிர எனக்கு மற்றதெல்லாம் நலம். நீங்களும் என் மகளும் அங்கே குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? அவள் இருமல் நின்றதா? உங்கள் முழங்கால் படுத்தாமல் இருக்கிறதா?

நாளைக் காலை கப்பல் கிளம்புகிறது. கப்பல் என்று பெயர்தான், உள்ளே முழுக்க மீன் தொழிற்சாலை. நூற்றிருபது பெண்கள் மூன்று மாதத்துக்கு மேல் ஓகோத்ஸ்க் கடலில் மிதந்துகொண்டே மீனை அறுத்து, சினை எடுத்து, உறைய வைக்க வேண்டும். நடுவில் கரைக்கு வர வழியே கிடையாது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை எண்ணெய்க் கப்பல் வரும், தபாலும் அதில்தான் வரும், போகும். அவசரமென்றால் கப்பல் வானொலி அறைக்குத் தந்தி கொடுக்கலாம். ஆனால் அதை முதலில் வானொலிக்காரன் படிப்பான், அடுத்துச் சமையலறை படிக்கும், என்னிடம் கடைசியாகத்தான் வரும்.

ஸோயாவிடம் ஈஸ்டருக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். நாலரை வயதுக்கு ஏப்ரல் என்றால் என்ன தெரியும்? "அத்தையோட உக்காந்து ஈஸ்டருக்கு ஒவ்வொண்ணா செஞ்சுகிட்டே இரு. எல்லாம் செஞ்சு முடிக்கிறப்போ ஈஸ்டர் வந்துடும், நானும் வந்துடுவேன்" என்று சொல்லி வைத்தேன். கணப்புக்குக் கரி இல்லாமல் உங்கள் பாலர் பள்ளியை மூடியதில் எனக்கு மட்டும் ஒரு லாபம்: இருபது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கத்தரியும் பசையும் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை இப்போது என் பெண் ஒருத்திக்குத்தான். ஒவ்வொரு கடிதத்திலும் அவள் செய்தது ஒன்றை வைத்து அனுப்புங்கள்.

இன்னொன்று. உங்கள் தம்பியைப் பற்றி உங்களிடமே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எங்களை விட்டுப் போனபின் மூன்று வருஷம் வாதிம் ஒரு வரி எழுதவில்லை. போன இலையுதிர் காலத்தில் திடீரென்று, மகளின் மேல் தனக்கும் உரிமை உண்டு என்று எழுதியிருந்தான். நான் இல்லாதபோது வந்தாலும் வருவான். வந்தால் தேநீர் கொடுங்கள், ரொட்டி கொடுங்கள், படுக்க இடமும் கொடுங்கள். குழந்தையோடு வாசல் தாண்ட மட்டும் விடாதீர்கள். அவன் கொண்டுபோனால் திருப்பித் தர மாட்டான். எதையும் திருப்பித் தந்து அவனுக்குப் பழக்கமில்லை.

உங்கள் கையை நம்பித்தான் கப்பல் ஏறுகிறேன்.

அல்பினா

*

டொக்மொக்
பிப்ரவரி 2

அன்பு அல்பினாவுக்கு,

உன் நாத்தனார் ஆசியோடு எழுதுவது. பனி வருமுன்பே என் முழங்கால் சொல்லிவிடுகிறது, வேறு குறையில்லை. ஸோயாவின் இருமல் கறுப்பு முள்ளங்கிச் சாற்றிலும் தேனிலும் நின்றுவிட்டது. நீ கையுறை இல்லாமல் மீனைத் தொடாதே. முள் குத்தினால் சீழ் வைத்துவிடும்.

முதல் கைவேலை இத்துடன் இருக்கிறது. குருத்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஓலைக்குப் பதிலாக நாம் பிடிக்கும் வில்லோ மரக் கிளைகள். கடையில் வண்ணக் காகிதம் கிடையாது, கடைக்காரியே கிடையாது என்று சொல்லலாம், அதனால் சர்க்கரை கட்டி வந்த தாளைத்தான் அட்டையில் ஒட்டினேன். கிளைக்குத் துடைப்பக் குச்சி, மொட்டுக்குப் பஞ்சு, பசைக்கு மாவுக் கஞ்சி. குச்சியை ஒடித்துக் கொடுத்தது மட்டும் நான். பஞ்சை உருட்டியது, ஒட்டியது, பாதிப் பசையைத் தின்றது எல்லாம் உன் மகள். பள்ளியில் மார்ச் எட்டு மகளிர் தினத்துக்கு முன்னால் இருபத்தைந்து பிள்ளைகளின் வாழ்த்து அட்டைகளை நானே உட்கார்ந்து செய்து முடித்து, "இதை என் பிள்ளையா செஞ்சான்?" என்று அம்மாக்கள் கண் கலங்குவதைப் பார்த்தவள் நான். இதில் அந்தத் திருட்டுத்தனம் எதுவும் இல்லை.

திரும்பிப் பார்ப்பதற்குள் நாலு கிளையை ஒட்டிவிட்டாள். எனக்குப் பகீரென்றது.

"நாலு வேணாம்டி கண்ணு. ஒண்ண எடுத்துடு. ரெட்டைப்படையில செத்தவங்களுக்குத்தான் பூ வைப்பாங்க."

"எடுக்க மாட்டேன். இது அம்மா, இது நான், இது அத்தை, இது பார்சிக். யாரை எடுக்கச் சொல்றே?"

"பூனைய எடேன்."

"பார்சிக் அழுவான். வேணும்னா உன்னை எடுத்துக்கோ."

நீயே பெற்ற வாய். மூன்று முறை சிலுவை போட்டுவிட்டு நாலையும் அப்படியே அனுப்புகிறேன். உனக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் இரும்புத் தட்டு வழுக்குமாம், பார்த்து நட.

வாதிமைப் பற்றி எழுதியிருந்தாய். எங்கள் அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. நான்தான் வளர்த்தேன். அதற்காக எனக்குக் கண் தெரியாது என்று நினைக்காதே. நிம்மதியாக வேலையைப் பார்.

"மீனுக்குப் பல் இருக்குமா?" என்று ஸோயா கேட்கிறாள். மறக்காமல் பதில் எழுது.

ரிம்மா

*

ஓகோத்ஸ்க் கடல்
பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் ஸோயாவுக்கு: இருக்கிறது, நிறைய இருக்கிறது, நேற்றுத்தான் ஒன்று என் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. இனி உங்களுக்கு: கையுறை போட்டுக்கொண்டுதான் இருந்தேன், திட்டாதீர்கள். விரல் ஆறிவிட்டது. உங்களுக்கும் குழந்தைக்கும் உடம்பு எப்படி?

நாலு கிளையும் என் படுக்கைக்கு மேலே தொங்குகின்றன. கீழ்ப்படுக்கை தோன்யா அதைப் பார்த்துவிட்டு ஒரே கூச்சல். "கப்பல்ல போய் ரெட்டைப்படையா? ஏண்டி, எங்களையும் சேத்து மூழ்கடிக்கப் பாக்கறியா? ஒண்ணப் பிச்சுப் போடு" என்று எகிறி எகிறிக் கையை நீட்டினாள். எதைப் பிய்ப்பது? அம்மாவையா, மகளையா, அத்தையையா? பூனை விஷயத்தில் நானும் ஸோயா கட்சிதான். தோன்யா இப்போது தலைமாட்டை மாற்றிக்கொண்டு படுக்கிறாள்.

மீன் அறுக்கும் வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் அம்மாக்கள்தான். கத்தி போகிற வேகத்துக்கு வாயும் போகும். ஒருத்தி நல்ல யோசனை சொன்னாள். குழந்தையின் உள்ளங்கையில் சாயம் பூசித் தாளில் அழுத்தினால் ஈஸ்டர் கோழி ஆகிவிடுமாம். கட்டைவிரல் தலை, மற்ற நாலு விரலும் வால். அலகும் காலும் பென்சிலில் போட்டால் போதும். அடுத்த கடிதத்தில் அந்தக் கோழியை அனுப்புங்கள். அவள் கை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று என் கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

முப்பத்தொன்பது நாள் ஆகிவிட்டது, இன்னும் அறுபத்தாறு இருக்கும். நான் நாளை எண்ணுகிறேன், அவள் பஞ்சு உருட்டட்டும்.

முத்தங்களுடன்,
அல்பினா

*

டொக்மொக்
மார்ச் 6

அன்பு அல்பினாவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? விரல் முழுக்க ஆறிவிட்டதா? ஈரத்தில் வைக்காதே. இங்கே குளிர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஸோயா நலம். இருமல் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள். பூனையும் நலம்.

இத்துடன் கம்பளிநூல் குஞ்சு ஒன்று. இரண்டு அட்டை வளையங்களைச் சேர்த்து வைத்து, மஞ்சள் நூலைச் சுற்றி, ஓரத்தை வெட்டி, நடுவில் கட்டினால் உருண்டையாக வந்துவிடும். என் பழைய ஸ்வெட்டரைப் பிரித்த நூல். கூடவே காகிதப் பூ ஒட்டிய அட்டையும் இருக்கிறது.

கோழி இந்த முறை இல்லை. சாயம் தீர்ந்துவிட்டது.

மின்சாரம் அடிக்கடி போகிறது, அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். ஸோயா தூங்குகிறாள். அம்மாவுக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரிம்மா

*

டொக்மொக்
மார்ச் 20

அன்பு அல்பினாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். வானிலை நன்றாக இருக்கிறது. தெருவில் சேறு வந்துவிட்டது.

மாவில் வானம்பாடி செய்தோம். மாவைக் கயிறாக உருட்டி ஒரு முடிச்சுப் போட்டால் ஒரு முனை தலை, மறுமுனை வால், கண்ணுக்கு உலர்திராட்சை. உடைந்துவிடும் என்று அதை அனுப்பவில்லை. பதிலாக ஒரு பூ அட்டை வைத்திருக்கிறேன். தட்டில் ஓட்ஸ் விதை தூவி ஈரத்துணி போட்டிருக்கிறேன், ஈஸ்டருக்குள் முட்டை வைக்கப் புல் வளர்ந்துவிடும்.

கை அச்சு எடுக்க ஸோயா உட்கார மாட்டேன் என்கிறாள். பிள்ளைகள் அப்படித்தான். வற்புறுத்தக் கூடாது. உன்னை நினைத்துக்கொள்கிறாள், முத்தம் சொல்கிறாள்.

உன் வேலையைக் கவனி. கத்தி பிடிக்கும்போது எதையும் யோசிக்காதே.

ரிம்மா

*

ஓகோத்ஸ்க் கடல்
ஏப்ரல் 1

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கும் ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி வந்த கப்பலில் உங்கள் கடிதம் இல்லை. தபால் தாமதம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். இன்று இரண்டும் சேர்ந்து வந்தன. வேலை முடிந்ததிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் சேர்ந்து ஒரு பக்கம்கூட இல்லை, அப்படியும் படித்து முடியவில்லை.

முதல் அட்டையில் மூன்று பூ. அடுத்ததில் ஐந்து. மூன்றென்றால் யாரை எடுத்தாள்? பூனை செத்துவிட்டதோ என்று பார்த்தால் பூனை நலம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்தென்றால் வந்து சேர்ந்த ஐந்தாவது ஆள் யார்? வாதிம் வந்திருக்கிறானா? தோன்யா பார்த்துவிட்டு, "அப்பாடா, உம் பொண்ணுக்குப் புத்தி வந்துடுச்சு, ஒத்தைப்படையில அனுப்பிட்டா" என்று மகிழ்ந்துபோனாள். அதைக் கேட்டதும்தான் பூக்களைத் திரும்ப எண்ணினேன். அண்ணி, ஒற்றைப்படை பார்ப்பது பெரியவர்கள். ஸோயா ஆளைப் பார்ப்பாள், எண்ணைப் பார்க்க மாட்டாள்.

முத்தம் சொன்னாள் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். அவள் முத்தம் சொல்கிற பிள்ளையா? மீனின் பல்லைப் பற்றிப் பதில் எழுதினேனே, கேட்டதும் என்ன சொன்னாள்? அவள் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு வாக்கியம் எழுதக் கூடாதா? கை அச்சு கேட்டேன். ஒரு முறை சாயம் இல்லை, மறுமுறை குழந்தை உட்காரவில்லை. பீட்ரூட்டைத் துருவினால் சாயம். இதை நானா உங்களுக்குச் சொல்லித் தர வேண்டும்?

அவளுக்கு நோய் என்றால் நோய் என்று எழுதுங்கள். கை சுட்டுக்கொண்டாள் என்றால் அதையும் எழுதுங்கள். இதைவிட மோசமாக நானே கற்பனை செய்துகொண்டிருக்கிறேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை என்னால் எப்படி இருக்க முடியும் என்று தெரியவில்லை.

அல்பினா

*

கப்பல் வானொலித் தந்தி
ஏப்ரல் 3

ஸோயா வீட்டில் இருக்கிறாளா. ஆம் அல்லது இல்லை. அல்பினா

*

தந்தி, டொக்மொக்
ஏப்ரல் 4

இல்லை. உயிரோடு நலமாக வாதிமிடம். அழைத்துவரப் போகிறேன். கடிதம் துறைமுகத்துக்கு. ரிம்மா

*

டொக்மொக்
ஏப்ரல் 5

அல்பினா,

உன் நலத்தை விசாரிக்க எனக்கு முகமில்லை. ஆனாலும் நன்றாக இரு.

பிப்ரவரி இருபத்திரண்டு, சனிக்கிழமை. நானும் ஸோயாவும் ஈஸ்டர் அலங்காரத்துக்காக முட்டைக்குள் இருப்பதை ஊதி வெளியேற்றிக்கொண்டிருந்தோம். நான் ஊசியால் இரண்டு பக்கமும் துளை போட்டுக் கொடுப்பேன், அவள் கன்னம் சிவக்க ஊதுவாள். கதவு தட்டினான். ஆரஞ்சுப் பழமும் பொம்மையுமாக வாசலில் நின்றான். நீ சொன்னபடிதான் நடந்தேன். தேநீர் கொடுத்தேன், ரொட்டி கொடுத்தேன், படுக்க இடமும் கொடுத்தேன். மறுநாள் கேட்டான்.

"அக்கா, ரெண்டே வாரம்கா. அவ எனக்கும் பொண்ணுதானே? பர்னவுல்ல, இப்போ என்கூட இருக்கற லாரிஸா அவளுக்காகக் கட்டிலெல்லாம் வாங்கிப் போட்டுக் காத்துகிட்டிருக்கா. ஒரு தடவை காட்டிட்டு நானே கொண்டாந்து விட்டுடறேன்."

"அல்பினாவக் கேட்டு எழுதறேன். பதில் வரட்டும்" என்றேன்.

"கேட்டா விடுவாளா? நீதானே என்னை வளத்தே. நீயே என்னை நம்பலேன்னா இந்த உலகத்துல யாருக்கா நம்புவா?"

அந்த இடத்தில் விழுந்தேன். எங்கே தட்டினால் நான் விழுவேன் என்று அவனுக்கு ஏழு வயதிலேயே தெரியும். நானே ஸோயாவுக்குத் தொப்பி கட்டி, பேருந்து வரை கொண்டுபோய் ஏற்றிவிட்டேன்.

இரண்டு வாரத்தில் வந்துவிடுவாளே என்று மார்ச் ஆறாம் தேதிக் கடிதத்தில் உன்னிடம் மறைத்து, முதல் பூ அட்டையை நானே ஒட்டி அனுப்பினேன். மார்ச் ஒன்பதாம் தேதி அவனிடமிருந்து தந்தி வந்தது. குழந்தை அங்கேயே இருப்பாளாம், கணப்பு வைத்த பாலர் பள்ளியில் சேர்த்தாகிவிட்டதாம், உன்னிடம் சொல்ல வேண்டாமாம். அல்பினா, ஒரு நாள் முழுக்க நான் அந்தக் கணப்பைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். இங்கே தண்ணீர் வாளியில் உறைகிறது, அங்கேயாவது குழந்தைக்குக் கால் சூடாக இருக்கும் என்று. நடுக்கடலில் கத்தியும் கையுமாக நிற்பவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்தேன். எல்லாம் சாக்கு. உன்னிடம் சொல்லப் பயம், அதுதான் உண்மை.

அதனால் எனக்குத் தெரிந்த தொழிலையே தொடர்ந்து செய்தேன். நாலு வயதுக் கை எப்படி ஒட்டும் என்று எனக்குத் தெரியும். பசை வெளியே வழியும், ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும், இதழ் ஒரே பக்கம் குவிந்துவிடும். இடது கையால் வெட்டினேன், கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினேன். நாலு பூ வைத்தால்தான் நம்புவாய் என்பதுகூடத் தெரிந்தது. நாலாவது பூவை வெட்டியும் விட்டேன். கடலில் இருக்கிற ஒருத்திக்கு ரெட்டைப்படையில் பூ அனுப்ப என் கை வரவில்லை. ஸோயா ஒட்டினால் அது குழந்தை ஒட்டியது. நான் தெரிந்தே ஒட்டினால் அது வேறு.

கடைசியில் கோழியையும் செய்தேன். பக்கத்து வீட்டு டுங்கான் இனப் பெண் சாலிமாவின் மகளைக் கூப்பிட்டு, கையில் பீட்ரூட் சாற்றைத் தடவி அழுத்தினேன். அழகான கோழி. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து அழுத்தியபோதுதான் நான் எந்த அளவுக்குப் போய்விட்டேன் என்று எனக்குப் புரிந்தது. உறையில் போடாமல் அடுப்பில் போட்டேன். அடுத்த நாள் உன் தந்தி வந்தது.

இன்று ரயிலேறுகிறேன். அவளோடு வருவேன், அவள் இல்லாமல் வர மாட்டேன். மன்னிப்புக் கேட்க இது நேரமில்லை.

ரிம்மா

*

தந்தி, வழியில் ஒரு ரயில் நிலையத்திலிருந்து
ஏப்ரல் 14

குழந்தை என்னோடு. தெற்கே போகும் ரயிலில் இருக்கிறோம். ரிம்மா

*

விளாடிவொஸ்டோக்
ஏப்ரல் 18

ரிம்மாவுக்கு,

உங்கள் கடிதமும் தந்தியும் துறைமுக அலுவலகத்தில் ஒரே நேரத்தில் கைக்கு வந்தன. நல்ல வேளை, தந்தியை முதலில் பிரித்தேன். இல்லாவிட்டால் அங்கேயே என்ன செய்திருப்பேனோ.

நீங்கள் நலமா என்று கேட்க என் பேனா மறுக்கிறது. அண்ணி என்று எழுதவும்தான். வாதிமின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அதைக் கவனித்தீர்களா? அவனிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. உங்களிடம் என் பெண்ணை விட்டிருந்தேன். நாற்பது நாள் அவள் வீட்டில் இல்லை என்பதே தெரியாமல், அவள் ஒட்டிய கிளைகளைத் தலைமாட்டில் மாட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

எங்கள் ஆவணங்களை இருபதாம் தேதிதான் திருப்பித் தருவார்களாம். இருபத்தொன்று ரயில். ஈஸ்டருக்கு மறுநாள், இருபத்தெட்டு, திங்கட்கிழமை மதியப் பேருந்தில் டொக்மொக் வருகிறேன். ஈஸ்டர் என்று சொல்லியிருந்தேன், ஒரு நாள் பொய்யாகிவிட்டது. எனக்கு விமானம் ஏற வழியில்லை.

அதற்குள் அவன் வருவான். பண்டிகைக்கு வருகிறேன் என்று வருவான், அழுவான், ஏழு வயதுக் கதையைச் சொல்வான். கதவைத் திறக்காதீர்கள். உங்களால் முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. முடியாதென்றால் இப்போதே குழந்தையைச் சாலிமா வீட்டில் விட்டுவிடுங்கள், நான் வந்து அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. அவள் என்னைக் கேட்டாளா? பொய் எழுதாதீர்கள். இனி நீங்கள் எழுதும் ஒரு பொய்யைக்கூட என்னால் தாங்க முடியாது.

அல்பினா

*

டொக்மொக்
ஏப்ரல் 27, ஈஸ்டர் ஞாயிறு, மாலை

அல்பினாவுக்கு,

குழந்தை நலம். இன்று இரண்டு முட்டை, ஒரு துண்டு ஈஸ்டர் ரொட்டி, பாதிக் கிண்ணம் தயிர். எடை கொஞ்சம் கூடியிருக்கிறது. இருமல் இல்லை. என் நலம் பிறகு.

பேருந்து நிலையத்தில் நூடுல்ஸ் விற்கும் சாலிமாவிடம் இதைக் கொடுத்து வைக்கிறேன். நீ இறங்கியதும் தருவாள். தெருவுக்குள் வருமுன் படித்துவிடு.

பொய் எழுதாதே என்றாய். எழுதவில்லை. முதல் வாரம் உன்னைக் கேட்டு அழுதாளாம், சாப்பிடாமல் கிடந்தாளாம். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் அங்கே போனபோது அந்த லாரிஸாவை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். லாரிஸா கெட்டவள் இல்லை. தலைவாரிவிட்டாள், கதை சொன்னாள், குழந்தை வருவதற்கு முன்னாலேயே சுவரில் முயல் படம் ஒட்டி வைத்திருந்தாள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இதைப் படிக்க உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். நீ கேட்டாய், எழுதிவிட்டேன்.

வாதிமிடம் நான்கு நாள் பேசிப் பார்த்தேன். "விட முடியாதுக்கா. போய் அல்பினாகிட்ட சொல்லு, கோர்ட்டுக்கு வரட்டும்" என்றான். ஐந்தாம் நாள் அவன் வேலைக்குப் போனபின், ஈஸ்டர் வேலைக்கு வில்லோ ஒடித்து வருகிறோம் என்று லாரிஸாவிடம் சொல்லிவிட்டுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். குழந்தைகளோடு எதையாவது ஒட்டப் போகிறேன் என்றால் இந்த முகத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. "கத்தரி எடுத்துக்கிட்டீங்களா?" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். நேராக ரயில் நிலையத்துக்குப் போனோம். ரயில் கிளம்பி வெகுநேரம் கழித்து ஸோயா கேட்டாள், "அத்தை, வில்லோ மரம் இன்னும் எவ்ளோ தூரம்?" தம்பி வீட்டில் திருடியவள் ஆனேன், குழந்தையை ஏமாற்றியவளும் ஆனேன். திரும்பச் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. சாலிமா வீட்டில் விட நினைத்தேன். விட்டால் என்னால் முடியாது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். விடவில்லை.

இன்று காலை நானும் ஸோயாவும் மேசையில் உட்கார்ந்திருந்தோம். வெங்காயத்தோலில் வேகவைத்த முட்டை ஓடுகளை நொறுக்கி, ஒவ்வொரு துண்டாக அட்டையில் அடுக்கி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சேவல். உனக்குத்தான். கதவு தட்டியது.

"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், அக்கா!" என்று அவன் குரல்.

நாற்பத்திரண்டு வருஷமாக இந்த வாழ்த்துக்கு நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. குடிகாரன் சொன்னாலும் சொல்லியிருக்கிறேன், எனக்கு ஆகாதவர்கள் சொன்னாலும் சொல்லியிருக்கிறேன். வாய் தானாகத் திறந்துவிட்டது, கையால் பொத்திக்கொண்டேன். ஸோயா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் "அப்பா" வந்துவிட்டது. உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.

"அக்கா, நீ உள்ளதான் இருக்கே. அடுப்புப் புகை வருது. ஈஸ்டர் அன்னிக்கு வாசல்ல நின்னு வாழ்த்துச் சொல்றவனுக்குப் பதில் சொல்லாத வீடு உண்டாக்கா? கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!"

ஸோயா கையிலிருந்த முட்டை ஓட்டைக் கீழே வைத்தாள். என் மடியில் ஏறி, காதருகே வாயை வைத்து மெதுவாகச் சொன்னாள். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்." சொல்லிவிட்டு, "பதில் சொல்லாட்டா பாவம்னு நீதானே சொல்லிக் குடுத்தே? அதான் மெல்லமா சொன்னேன்" என்றாள்.

அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது முறையும் சொன்னான். அழுதான். ஏழு வயதில் எப்படி அழுவானோ அதே அழுகை. எழுந்து போய்விடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. குழந்தையின் கனம் மடியில் இருந்ததால் எழவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. போய்விட்டானா, தெருமுனையில் நிற்கிறானா என்று தெரியாது. இனி நான் கூப்பிட்டாலும் அவன் வர மாட்டான். எனக்கென்று இருந்த ஒரு தம்பியும் இன்றோடு சரி.

நீ நாளை வந்து என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். குழந்தையை எங்கே கொண்டுபோனாலும் தடுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் கவனமாகக் கேள். நாளையும் பண்டிகைதான், எல்லோரும் வாசலில் அதே வாழ்த்தைத்தான் சொல்வார்கள். நீ அதைச் சொல்லாதே. அதைச் சொல்பவர் யாராக இருந்தாலும் இந்த வீட்டுக் கதவு திறக்காது என்று ஸோயாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

'அம்மா வந்திருக்கேன்' என்றும் சொல்லாதே. எந்த அம்மா என்று கேட்பாள்.

அல்பினா என்று உன் பெயரைச் சொல். நான் திறக்கிறேன்.

ரிம்மா